சீதபேதிக் கிருமியைக் கண்ட கியோஷி ஷிகா

விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் ஒரு புலவரையோ ஒரு சமயப் பெரியாரையோ தேர்ந்துகொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆறுமுக நாவலரைப் பற்றியும் விபுலாநந்த அடிகளைப் பற்றியும் எழுதுதற்கு நம்முள் என்னினும் வல்லார் பலர் உளர். யான் எடுத்துக்கொண்டவர் யப்பான் தேசத்து மருத்துவர் ஒருவர். அவர் கண்டறிந்த கிருமியோ, பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே லயங்கள்தோறும் பீலிகள்தோறும் பல தலைமுறையாக நம்மவரோடு குடியிருந்து வந்தது. அவ்வகையில் அவர் நமக்கு முற்றிலும் அயலார் ஆகார்.

இத்தேர்வுக்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கு ஏழு வயது நடந்த காலத்திலே, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மழை ஓயாத மாதமொன்றில், எங்கள் லயத்திலே வயிற்றுளைவு கண்டது. நான்கு வயதான என் தங்கை இரத்தமும் சீதமுமாகக் கழிந்தாள். அன்னையார் மாதுளம்பிஞ்சு அரைத்துக் கொடுத்தார், சாயத் தண்ணீர் கொடுத்தார், தணியவில்லை. தந்தையார் நகரத்துக்குச் சென்று மாத்திரைகள் வாங்கி வந்தார். இரண்டு நாளில் கழிச்சல் நின்றது. பிள்ளை கஞ்சி குடித்தது. எஞ்சிய மாத்திரைகளை வீணாக்கலாகாது என்று ஒரு தகரப் பேணியில் இட்டுச் சாமித்தட்டின்மேல் வைத்தோம். அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு அதே நோய் கண்டபொழுது, அப்பேணியை எடுத்துச் சென்று கொடுத்தவன் யானே. மாத்திரை கேட்கவில்லை. தோட்டத்து லொறியிலே பதுளைக்குக் கொண்டு சென்றார்கள். மூன்றாம் நாள் லயத்து வாசலில் தப்பு ஒலித்தது. அது எக்கிருமி, அம்மாத்திரை அதன்மேல் ஏன் பலிக்கவில்லை என்று எவரும் அன்று சோதித்தாரிலர். பின்னாளிலே ஆசிரியனாகி, விஞ்ஞான ஆசிரிய நண்பர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் புகுந்தபோதுதான் கியோஷி ஷிகா என்னும் பெயர் எனக்கு அறிமுகமாயிற்று.

யப்பானின் வடகிழக்கிலுள்ள செண்டாய் நகரத்திலே 1871ஆம் ஆண்டில் ஷிகா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சாத்தோ நவோகிச்சி. தந்தையார் சாமுராய் எனப்படும் போர்மறவர் குடியினர். 1868இல் பழைய பிரபுக்களின் ஆட்சி வீழ்ந்து மெய்ஜி மன்னரின் புதிய ஆட்சி எழுந்தபோது, அக்குடியினர் வாளையும் இழந்து மானியத்தையும் இழந்தனர். முன்னர்ப் பிறருக்கு ஈந்தவர்கள் அன்றாடச் செலவுக்கு அலமந்தனர். சாத்தோ குடும்பமும் அத்துயருக்குத் தப்பவில்லை. சிறுவன் தாய்வழிக் குடும்பமாகிய ஷிகா குடும்பத்துக்கு மகவாகச் சென்று, அக்குடும்பத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டான். வாளால் வாழ்ந்த குடியிற் பிறந்த பிள்ளைகள் அக்காலத்திலே பள்ளிக்கூடத்தையே புதிய போர்க்களமாகக் கொண்டனர் என்பர். ஷிகா 1886இல் தோக்கியோ நகரம் போந்து, 1892இல் அந்நகரத்துப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1896இல் பட்டம் பெற்றார்.

நோயாளரைப் பார்த்துப் பொருள் ஈட்டும் வாழ்வை அவர் நாடவில்லை. தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திலே உதவியாளராகச் சேர்ந்தார். அந்நிலையத்தின் தலைவர் கித்தசாத்தோ ஷிபசபுரோ. அவர் பேர்லின் நகரத்திலே ரொபேட் கொக் என்னும் பேராசானிடம் பயின்றவர். ஏற்புவலிக் கிருமியை 1889இல் முதன்முதலாகத் தனித்து வளர்த்துக் காட்டியவர். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்பதை ஐயமற நிறுவவேண்டும் என்னும் கொக்கின் நெறி, கித்தசாத்தோ வழியாக ஷிகாவுக்கு வந்து சேர்ந்தது. நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தல் எத்துணைப் பேறு என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

ஷிகா நிலையத்திற் சேர்ந்து ஓராண்டு கழிந்த பொழுது, 1897இலே, யப்பானில் பெருங்கொள்ளைநோய் பரவிற்று. அந்நாட்டவர் அதனை செக்கிரி என்றனர். சிவந்த கழிச்சல் என்பது அதன் பொருள். நம்மவர் இரத்தக்கழிச்சல் என்று வழங்குவதும் இதுவே. அவ்வாண்டின் பிற்பாதியில் 90,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஐவருள் ஒருவருக்கு மேல் மாண்டனர். கித்தசாத்தோ தம் இளம் உதவியாளரிடம் அந்நோயின் காரணத்தைக் கண்டறியும் பணியை ஒப்படைத்தார்.

அப்பணி எளிதன்று. சீதபேதிக்கு அமீபா என்னும் ஒருகல உயிரும் காரணமாகலாம் என்பது முன்னரே தெரிந்திருந்தமையால் குழப்பம் மிகுந்திருந்தது. மேலும், மனிதனுடைய குடலிலே இயல்பாகவே எண்ணிறந்த பற்றீரியாக்கள் வாழ்கின்றன. நோயாளியின் மலத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கினால் தென்படுவன எல்லாம் கோல்வடிவக் கிருமிகள். அவற்றுள் குற்றவாளி எது? கதிர்காமத் திருவிழாக் கூட்டத்திலே ஒரு கள்வனைத் தேடுவது போன்ற செயல் அது. அக்கள்வனிடம் முன்னர்ப் பொருள் பறிகொடுத்த ஒருவனை உடனழைத்துச் சென்றால் அவன் ஆளை அடையாளம் காட்டுவான் அன்றோ? ஷிகா செய்ததும் அதுவே. நோயிலிருந்து பிழைத்தெழுந்தவரின் குருதித் தெளிவிலே, அந்நோய்க் கிருமியை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் பொருள்கள் உண்டாகியிருக்கும். 36 நோயாளரை ஆராய்ந்த அவர், மலத்திலிருந்து பிரித்து வளர்த்த கிருமிகளை அத்தெளிநீருடன் கலந்து பார்த்தார். ஏனைய கிருமிகள் முன்போலவே பரவிக் கிடக்க, ஒரு வகைக் கோற்கிருமி மட்டும் திரள்திரளாகக் கட்டிக்கொண்டது. நலமுடையோரின் குருதித் தெளிவு அங்ஙனம் செய்யவில்லை. குற்றவாளி அகப்பட்டான்.

1897ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானிய மொழியிலும், அடுத்த ஆண்டில் ஜேர்மானிய மொழியிலும் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. அப்பொழுது ஷிகாவுக்கு வயது இருபத்தாறு. வழிகாட்டியவரும் ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தியவரும் கித்தசாத்தோவே ஆயினும், கட்டுரையிலே தம் பெயரை இடுதற்கு அவர் உடன்படவில்லை. மாணாக்கனின் பெயர் மட்டுமே நின்றது. ஆசிரியராயிருப்போர் இவ்விடத்திற் சற்றே நின்று செல்லுதல் நன்று. ஷிகா இதனைத் தம் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

கிருமியைக் கண்டதும் அதற்கு மாற்று மருந்து காணும் முயற்சியில் அவர் இறங்கினார். வெப்பத்தாற் கொன்ற கிருமிகளைக் கொண்டு தடுப்பூசி மருந்தொன்று ஆக்கி, பிறருக்கு ஏற்றுமுன் தம்முடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். ஊசியிட்ட இடம் கடுமையாக வீங்கி வருத்திற்று. ஆதலின் அதனை அவ்வடிவில் மக்களுக்கு வழங்கத் துணிந்தாரிலர். பின்னர்க் குதிரையின் குருதித் தெளிவையும் துணைக்கொண்டு வேறொரு முறை வகுத்து, ஆயிரக்கணக்கானோருக்கு ஏற்றினர். இறப்போர் தொகை குறைந்ததாயினும் நோயுறுவோர் தொகை குறையவில்லை. அன்று அவர் தொடங்கிய முயற்சி இன்றளவும் முற்றுப்பெறவில்லை. சீதபேதிக்குப் பொதுவழக்கிலுள்ள தடுப்பூசி இன்னும் வந்திலது.

1901இல் ஷிகா ஜேர்மனிக்குச் சென்று, பிராங்போட் நகரத்திலே பவுல் ஏர்லிக் என்பாரிடம் பணிபுரிந்தார். ஏர்லிக் ஒரு தனிப்போக்கினர். துணிக்குச் சாயமிடும் பொருள்களுள் சில, உடலின் கலங்களை விட்டுக் கிருமியை மட்டும் பற்றுவதைக் கண்டு, கிருமியை மட்டும் கொல்லும் இரசாயனப் பொருளை ஏன் ஆக்கலாகாது என்று எண்ணியவர். ஆசிரியரும் மாணவருமாக நூற்றுக்கணக்கான சாயங்களைச் சோதித்து, 1904இல் திரிப்பான் சிவப்பு என்னும் சாயத்தைக் கண்டனர். திரிப்பனசோம் என்னும் ஒட்டுண்ணியால் நோயுற்ற சுண்டெலிகளை அச்சாயம் குணப்படுத்தியது. மனிதன் தன் ஆராய்ச்சிக் கூடத்திற் செய்த மருந்தொன்று, உடலுக்குட் புகுந்த நோய்க்கிருமியைத் தேடிச் சென்று அழித்தமைக்கு அது தொடக்க காலச் சான்றாகும். பின்னர் 1930களிலே சல்பா மருந்துகள் தோன்றியதும் இச்சாய ஆராய்ச்சியின் வழியிலேயே.

இங்கே ஒரு செய்தி. ஷிகா 1905இல் நாடு திரும்பிய பின்னர், அதே ஏர்லிக்கின் கூடத்திலே மற்றொன்றும் காணப்பட்டது. மருந்தைப் போதிய அளவிற் கொடாது சிறுகச் சிறுகக் கொடுத்தால், ஒட்டுண்ணிகள் சாவதை விடுத்து அம்மருந்துக்கு அஞ்சாத இனமாகி விடுகின்றன. அவ்வன்மையைத் தம் வழித்தோன்றல்களுக்கும் கொடுத்துச் செல்கின்றன. மருந்தும் மருந்தை வெல்லும் திறனும் ஒரே கூரையின் கீழ், ஒரு சில ஆண்டு இடைவெளியிலே காணப்பட்டன. எங்கள் சாமித்தட்டுத் தகரப் பேணியை இச்செய்தி எனக்கு நினைவூட்டாதிருக்க இயலாது.

இனி இலங்கைக்கு வருவோம். ஷிகா பிராங்போட்டில் இருந்த காலத்திலே, 1903இல், அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர் கொழும்புக்கு வந்து, பற்றீரியா ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். பறங்கிநோய்க்குக் காரணமான கிருமியை 1905இல் கொழும்பிலே கண்டவர் இவரே. இலங்கை மருத்துவக் கல்லூரியின் பதிவாளராயிருந்த அல்பேட் சால்மர்ஸ் என்பாரும் இவரும் கூடி, வெப்பநாட்டு மருத்துவம் பற்றிப் பெருநூலொன்று யாத்தனர். 1910இல் முதற்பதிப்பு வெளிவந்தது. மூன்றாம் பதிப்பு 1919இல் வந்தது. அம்மூன்றாம் பதிப்பிலேதான் சீதபேதிக் கிருமிகளின் பேரினத்துக்கு ஷிகெல்லா என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஒருவருடைய பெயரை உலகத்து மருத்துவ நூல்கள் அனைத்திலும் நிலைபெறச் செய்தவர்கள், நமது தீவிலே நோயாளரைப் பார்த்துப் பழகிய இருவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. கஸ்தெல்லானி பின்னாளில் முசோலினியின் ஆட்சிக்குத் துணைநின்றவர், அது பாராட்டத்தக்கதன்று. ஆயினும் கொழும்பிலே அவர் செய்த பணி பணியே.

அக்காலத்திலே நம் முன்னோர் நிலை யாது? தமிழகத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து, தனிமைப்படுத்தற் காலத்தைக் கழித்து, ஊவா மலைகளில் ஏறினர். புகைவண்டி பதுளையை அடைந்தது 1924இலேதான். அதற்கு முன் வந்தோர் வழியின் ஒரு பகுதியை நடந்தே கழித்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவிலே ஒரு குடும்பம்; பல காம்பராக்களுக்கு ஒரு பீலி; மலங்கழிக்கத் தேயிலை மலையும் ஓடைக்கரையும். சீதபேதியும் கொக்கிப்புழு நோயும் தோட்டத்து மரணப் பதிவேடுகளை நிரப்பின. ஷிகெல்லாவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வாந்திபேதிக் கிருமி ஒருவனை வீழ்த்துதற்கு இலக்கக்கணக்காக வயிற்றினுட் செல்லவேண்டும். ஷிகெல்லாவோ, பத்து முதல் நூறு வரை சென்றாலும் போதும். நீரில்லாக் கையிலிருந்து பிள்ளையின் வாய்க்குச் செல்லும் அளவே அதற்குப் போதியது. லயத்து வாழ்வுக்கும் அக்கிருமிக்கும் உள்ள பொருத்தத்தை இதனால் உணரலாம்.

ஷிகாவின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லி மேற்செல்கின்றேன். 1914இலே அரசாங்கம் தொற்றுநோய் நிலையத்தைக் கித்தசாத்தோவைக் கலவாமலே தோக்கியோப் பல்கலைக்கழகத்துடன் இணைத்தது. கித்தசாத்தோ பதவி துறந்து தம் பொருளால் புதிய நிலையம் அமைத்தபோது, ஷிகாவும் ஏனைய மாணாக்கரும் அரசாங்கச் சம்பளத்தை விட்டு அவர் பின்னே சென்றனர். 1920இல் ஷிகா கெய்யோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். பின்பு கொரியாவுக்குச் சென்று, அங்கே மருத்துவமனைத் தலைவராகவும், 1929 முதல் 1931 வரை சியோல் நகரத்துப் பேரரசுப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். கொரியா அப்பொழுது யப்பானுக்கு அடிமைப்பட்ட நாடு. அப்பதவி ஆள்வோர் அளித்த பதவியே. குட்டநோய்க் கிருமியை வளர்த்தெடுக்க அவர் அங்கு முயன்றது கைகூடவில்லை.

முதுமை அவருக்குத் துன்பமே தந்தது. 1944இல் நாட்டின் உயர்ந்த பண்பாட்டு விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் மனைவியார் புற்றுநோயால் இறந்தார். மக்களுள் இருவரை அவர் இழந்திருந்தார். 1945இல் தோக்கியோ நகரத்தின்மேற் குண்டுமாரி பொழிந்தபோது வீடும் எரிந்தொழிந்தது. செண்டாய்ப் பக்கத்துக்கே மீண்டு, மிக எளிய நிலையில், ஏறக்குறைய வறியவராகவே எஞ்சிய நாள்களைக் கழித்தார். வறுமையிலே பிறந்து, உலகறிந்த புகழெய்தி, மீண்டும் வறுமையிலே 1957 ஜனவரி 25ஆம் நாள் தம் 85ஆம் வயதில் மறைந்தார்.

அவர் வரலாறு இங்கே முடிந்தது. அவர் கண்ட கிருமியின் வரலாறோ முடியவில்லை. அவரது முதுமைக் காலத்திலே, அவருடைய நாட்டிலேயே, விந்தையான மாற்றமொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது.

போருக்குப் பின் யப்பானில் சல்பா மருந்துகள் தாராளமாகக் கிடைத்தன. சீதபேதி தணிந்தது, சில ஆண்டுகளிலேயே மீண்டும் எழுந்தது. 1950களின் தொடக்கத்திற் பெரும்பாலான ஷிகெல்லாக் கிருமிகள் சல்பாவைப் பொருட்படுத்தவில்லை. ஸ்ரெப்ரோமைசின், குளோரம்பெனிகோல், தெற்றாசைக்கிளின் என்னும் புதிய மருந்துகளைக் கையாண்டனர். 1955இல், கொங்கொங்கிலிருந்து மீண்ட ஒரு நோயாளியிடம் காணப்பட்ட ஷிகெல்லா, இந்நான்கு மருந்துகளையும் ஒருங்கே எதிர்த்து நின்றது. பின்வந்த ஆண்டுகளில் அத்தகைய கிருமிகள் நாடெங்கும் பெருகின. மருத்துவர் மயங்கினர். ஒரு மருந்தை வெல்லும் திறன் தற்செயலாகத் தோன்றுவதே அரிது. நான்கு திறன்கள் ஒருசேரத் தோன்றுதல் எங்ஙனம்? அதனினும் விந்தை, ஒரே நோயாளியின் குடலில் மருந்துக்கு மாளும் ஷிகெல்லாவும், மாளாத ஷிகெல்லாவும், மாளாத ஈ. கோலிக் கிருமிகளும் கூடியிருந்தமை. ஈ. கோலி என்பது நம் எல்லோர் குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் பற்றீரியா.

இப்புதிரை அவிழ்க்கும் திறவுகோல் அமெரிக்காவில் முன்னரே செய்யப்பட்டிருந்தது. 1946இல், இருபத்தொரு வயதினரான யோசுவா லெடர்பேர்க் என்னும் மாணவர், எட்வேட் டேட்டம் என்பாரிடம் பணிபுரிந்து ஒரு சோதனை செய்தார். ஈ. கோலியின் இரு குறையுள்ள இனங்களை எடுத்துக்கொண்டார். முதலினத்துக்குச் சில சத்துகளைத் தானே ஆக்கிக்கொள்ளும் வல்லமை இல்லை. மற்றதற்கு வேறு சில சத்துகளை ஆக்க வல்லமை இல்லை. தனித்தனியே விட்டால், அச்சத்துகள் இல்லாத உணவில் இரண்டுமே வளரா. இரண்டையும் கலந்து வைத்தபோது, கோடியில் ஒன்று என்னும் அளவிலே குறையற்ற கிருமிகள் தோன்றின. ஒன்றின் குறையை மற்றொன்றின் பரம்பரையலகு நிரப்பியிருந்தது. இரண்டினங்களுக்கும் இடையே, நீர் புகுந்து கிருமி புகாத நுண்வடியொன்றை வைத்துத் தடுத்தால் அவ்வாறு நிகழவில்லை என்பதை 1950இல் பேணாட் டேவிஸ் காட்டினார். ஆகவே கிருமியும் கிருமியும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இராணுவ மருத்துவராயிருந்த வில்லியம் ஹேய்ஸ், இக்கொடை ஒருவழிக் கொடையே, கொடுப்பது ஒன்று, கொள்வது மற்றொன்று என்பதை 1952இல் தெளிவாக்கினார்.

நிகழ்ச்சியைச் சிறிது விரித்துரைத்தல் மாணாக்கருக்குப் பயன்படும். கொடுக்கும் கிருமியிடம் அதன் பெரிய நிறமூர்த்தத்துக்குப் புறம்பாக, வளையல் போன்ற சிறு பரம்பரைப் பொருளொன்று உண்டு. அதனைப் பிளாசுமிட்டு என்பர். அவ்வளையத்தின் கட்டளையாற் கிருமியின் மேற்புறத்திலே மயிரிழை போன்ற நீட்சி வளர்கின்றது. அவ்விழை அயலிலுள்ள கிருமியைத் தொட்டுப் பற்றிப் பின்பு சுருங்கி, அதனை அருகே இழுத்துக்கொள்கின்றது. வளையம் முறுக்கிய இரட்டை இழையால் ஆயது. அதில் ஓரிழை அறுபட்டு, நூல் கோப்பதுபோல் மற்றக் கிருமியினுட் செல்கின்றது. கொடுத்தவிடத்தில் எஞ்சிய ஓரிழை தனக்கு இணையிழையை ஆக்கிக்கொள்கின்றது. சென்றவிடத்து இழையும் அவ்வாறே செய்கின்றது. இப்பொழுது இரண்டிடமும் முழுவளையம் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை அன்றோ, அதுபோன்று. பெற்றுக்கொண்டதும் இனிக் கொடுக்க வல்லதாகி விடுகின்றது. இவையனைத்தும் சில நிமிடங்களில் நிகழ்கின்றன. பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர், இணைந்த கிருமிகளைச் சமையலறைக் கலக்கும் பொறியில் இட்டுப் பல்வேறு நிமிடங்களிற் பிரித்துப் பார்த்து, ஈ. கோலியின் பெரிய நிறமூர்த்தம் முழுவதும் செல்வதற்கு ஏறத்தாழ 100 நிமிடம் வேண்டும் எனவும் கணக்கிட்டனர். பிளாசுமிட்டு சிறியதாகலின் விரைவிற் சென்று சேர்கின்றது.

ஒரு தமிழாசிரியனுக்கு இங்கே சொல்லைப் பற்றிய ஓர் எண்ணம் எழுகின்றது. பரம்பரையலகு என்று நாம் வழங்கும் சொல், பாட்டன், தந்தை, மகன் என இறங்கிவரும் ஒழுங்கையே உட்கொண்டது. இக்கிருமிகளோ அயலவனிடமிருந்து பரம்பரையைப் பெறுகின்றன. அதுவும் வேற்றினத்து அயலவனிடமிருந்து. வாங்கிலே அருகிருக்கும் மாணாக்கனின் கணக்கைப் பார்த்தெழுதுவது போன்ற இச்செயலுக்குப் பரம்பரை என்னும் சொல் பொருந்துமோ என்பதைச் சொல்லாக்கம் செய்வோர் ஆராய்க.

1959இல் யப்பானிய ஆராய்ச்சியாளராகிய அக்கிபாவும் ஒச்சியாயும் தத்தம் குழுவினரோடு, ஒருவரையொருவர் சாராது, அதே முடிவை எய்தினர். நான்கு மருந்துகளையும் எதிர்க்கும் ஈ. கோலியையும், எதிர்க்க மாட்டாத ஷிகெல்லாவையும் ஒரு கலத்திற் கலந்து வைத்தால், ஷிகெல்லா நான்கு திறன்களையும் ஒருங்கே பெற்றுவிடுகின்றது. நான்கும் ஒரே வளையத்திற் கோக்கப்பட்டிருந்தன. ஆகவே நோயாளிக்கு ஒரு மருந்தை மட்டும் கொடுத்தாலும், அதற்கு மாளாது எஞ்சுபவை நான்கிற்கும் மாளாதவையாக இருந்தன. தீங்கற்ற அயலவனாகிய ஈ. கோலி, தான் வாங்கி வைத்த படைக்கலத்தைத் தீயவன் கையிற் கொடுத்துவிட்டது. இச்செய்தியை 1963இல் விரிவாக எழுதி மேனாட்டார் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் வத்தனபே. அவர் பணிபுரிந்தது, முன்னர் ஷிகா பேராசிரியராயிருந்த அதே கெய்யோப் பல்கலைக்கழகத்தில். ஷிகா மறைந்து மூன்று ஆண்டுகளுக்குள், அவருடைய கிருமியைக் கொண்டே, அவருடைய நாட்டினரே இதனை நிறுவினர். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று அவர் ஆசிரியர் வழி கற்ற நெறி பொய்த்துவிடவில்லை. ஆயினும் அக்கிருமி தனித்து வாழ்வதில்லை என்பது அதனோடு சேர்ந்துகொண்டது.

பின்னர் நேர்ந்தவை விரைந்து நேர்ந்தன. 1969இல் மத்திய அமெரிக்காவிலே, குவாத்தமாலா நாட்டில், ஷிகா முதன்முதலிற் கண்ட அதே வகைக் கிருமி, பல மருந்துகளை எதிர்க்கும் பிளாசுமிட்டுடன் எழுந்து 10,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. தொடக்கத்திலே அதனை அமீபாச் சீதபேதி என்று மருத்துவர் பிறழ உணர்ந்தமையும் அவ்வழிவுக்கு ஒரு காரணம். 1970களில் அவ்வகை வங்காளதேசத்திலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. ஷிகா நச்சு என்று அவர் பெயராலேயே வழங்கும் நஞ்சு ஒன்று உண்டு. அதனை ஆக்கும் பரம்பரையலகு, பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளின் வழியாக ஒருவகை ஈ. கோலியிடம் சென்று சேர்ந்திருப்பது, 1982இல் அமெரிக்காவிலே இறைச்சி உணவால் நோயுற்றோரை ஆராய்ந்ததன் பின் தெளிவாயிற்று. இணைதல் ஒரு வழி, வைரசு மற்றொரு வழி. கொடுக்கல் வாங்கல் ஓய்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2017இலும் 2024இலும் வெளியிட்ட பட்டியல்களிலே, புதிய மருந்து அவசரமாக வேண்டப்படும் கிருமிகளுள் ஷிகெல்லாவும் ஒன்றாக நிற்கின்றது.

நமது நாட்டில் சீதபேதி இன்றும் அரசாங்கத்துக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். லயங்கள் சில இடங்களில் தனிவீடுகளாக மாறியுள்ளன. பல இடங்களில் மாறவில்லை. பீலி குழாயாகியுள்ளது, குழாயின் மேல்முனை எங்குள்ளது என்பதைப் பார்த்தவர் சிலரே. மாத்திரையைப் பாதியில் நிறுத்தி எஞ்சியதைப் பேணியில் வைக்கும் வழக்கமும் என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் உண்டு. கேட்டறிந்தே இதனைச் சொல்கின்றேன்.

சென்ற ஆண்டு, நம் கல்லூரியின் பழைய மாணவராய் இப்பொழுது மருத்துவ ஆய்வுகூடமொன்றிற் பணிபுரியும் இளைஞர் ஒருவர், யான் வேண்டியதற்கிணங்கத் தாம் செய்யும் சோதனையொன்றைக் காட்டினார். வட்டமான தட்டிலே ஊன்பசை போன்ற உணவு. அதன்மேல் நோயாளி ஒருவரின் ஷிகெல்லா, வெண்பனி படிந்தாற் போலப் பரந்து வளர்ந்திருந்தது. இடையிடையே மருந்து தோய்ந்த சிறு கடுதாசி வில்லைகள் வைக்கப்பட்டிருந்தன. மருந்து பலிக்குமிடத்திலே வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றும் என்று விளக்கினார். சில வில்லைகளைச் சுற்றி நிலவைச் சூழ்ந்த பரிவேடம் போல் அழகிய வட்டங்கள் இருந்தன. நான்கு வில்லைகளைச் சுற்றி ஒன்றும் இல்லை. வெண்பனி வில்லையின் விளிம்பு வரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. அந்நான்கின் பெயர்களையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றுள் ஒன்று, எங்கள் வீட்டுத் தகரப் பேணியிலிருந்த மாத்திரையின் பெயர்.